டாசிட்டஸ் சொன்னால் நம்பலாமா?

ரோம் எரிந்தபோது நீரோ பிடில் வாசித்த கதை நம் ஊரில் தெரியாதவர் கிடையாது. தெருக்குழாயில் நாலு நாளாகத் தண்ணீர் வராமல் இருந்து, கவுன்சிலர் கிரிக்கெட் போட்டிக்குத் தலைமை தாங்கப் போயிருந்தால் போதும். "ரோம் எரியும்போது நீரோ பிடில் வாசித்த மாதிரி" என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். டீக்கடையிலும் கேட்கலாம், மேடைப் பேச்சிலும் கேட்கலாம்.

அந்தக் கதையில் இரண்டு சிக்கல்கள் உண்டு. பிடில் என்ற வாத்தியம் நீரோ இறந்து ஆயிரத்து நானூறு வருஷங்களுக்கு மேல் கழித்துத்தான் பிறந்தது. அவன் மீட்டியது யாழ் மாதிரியான ஒரு நரம்புக் கருவி. இரண்டாவது, கி.பி. 64 ஜூலையில் ரோம் நகரம் தீப்பிடித்தபோது நீரோ ஊரிலேயே இல்லை. சுமார் 50 கிலோமீட்டர் தள்ளி, ஆன்டியம் என்ற கடற்கரை ஊரில் இருந்தான். தீ தன் மாளிகையை நெருங்கியபோதுதான் திரும்பி வந்தான். வந்தவன் வீடிழந்த ஜனங்களுக்குத் தன் தோட்டங்களைத் திறந்துவிட்டான்; பக்கத்து ஊர்களிலிருந்து சாமான்கள் வரவழைத்தான்; தானிய விலையைக் குறைத்தான். இவ்வளவையும் எழுதி வைத்தவர் டாசிட்டஸ் என்ற ரோமானிய வரலாற்றாசிரியர்.

சூட்டோனியஸ், காசியஸ் டியோ என்ற இன்னும் இரண்டு பழைய ஆசிரியர்கள் நீரோதான் தீ வைத்தான் என்று அடித்துச் சொல்கிறார்கள். டாசிட்டஸ் மட்டும், அது தற்செயலா, அரசனின் சதியா என்பதில் இரண்டு விதமாகவும் எழுதியிருக்கிறார்கள் என்று நிறுத்திக்கொள்கிறார். எரியும் ஊரைப் பார்த்து நீரோ டிராய் நகர அழிவைப் பாடினான் என்பதையும் ஊரில் பரவிய வதந்தி என்றே குறிக்கிறார். இத்தனைக்கும் அவருக்கு நீரோவை அறவே பிடிக்காது.

நான் தணிக்கை வேலையில் 34 வருஷம் இருந்தவன். தனக்குப் பிடிக்காத ஆளைப் பற்றி ஒருவர் எழுதும் அறிக்கையில், அந்த ஆளுக்குச் சாதகமான விவரங்களும் விடாமல் இருந்தால், அந்த அறிக்கைக்கு ஒரு மரியாதை கொடுப்போம். டாசிட்டஸ் மேல் எனக்கு ஈடுபாடு வந்தது அப்படித்தான். ஓய்வு பெற்ற பிறகு அவருடைய நூல்களை ஆங்கில மொழிபெயர்ப்பில் நிதானமாக இரண்டு முறை படித்தேன். படிக்கப் படிக்க ஒரு கேள்வி வளர்ந்துகொண்டே வந்தது. இந்த மனிதரை எந்த அளவுக்கு நம்பலாம்? அதைத்தான் இன்று எழுதப் போகிறேன்.

முதலில் அவர் யார் என்று பார்த்துவிடலாம். கி.பி. 56 வாக்கில் பிறந்தவர். நல்ல வக்கீல், பெயர் பெற்ற பேச்சாளர். பிரிட்டனில் ஆளுநராக இருந்த அக்ரிகோலாவின் மகளை மணந்தார். படிப்படியாக உயர்ந்து, கி.பி. 97-ல் கான்சல் என்ற மிக உயர்ந்த பதவிக்கு வந்தார். கி.பி. 100-ல் ஆப்பிரிக்க மாகாணத்தில் லஞ்சம் வாங்கிய மாரியஸ் பிரிஸ்கஸ் என்ற ஆளுநர் மேல் வழக்கு நடந்தபோது, தம் நண்பர் இளைய பிளினியோடு சேர்ந்து வாதாடித் தண்டனை வாங்கிக் கொடுத்தார். பிறகு ஆசிய மாகாணத்துக்கு, அதாவது இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதிக்கு, ஆளுநராகப் போனார். இதிலிருந்து ஒன்று தெரிகிறது. இவர் ஒதுங்கி உட்கார்ந்து எழுதிய பண்டிதர் இல்லை. ஆட்சி எப்படி நடக்கிறது என்று உள்ளேயிருந்து பார்த்தவர்.

அவருடைய பெரிய நூல்கள் இரண்டு. 'வரலாறுகள்' என்பது கி.பி. 69 முதல் 96 வரை நடந்ததைச் சொன்னது. 'ஆண்டுக் குறிப்புகள்' பிந்தி எழுதியது; ஆனால் முந்திய காலத்தை, அகஸ்டஸ் இறந்த கி.பி. 14 முதல் நீரோவின் முடிவு வரை, சொன்னது. இரண்டுமே முழுசாக நமக்குக் கிடைக்கவில்லை. காலிகுலாவின் ஆட்சி முழுவதும் போய்விட்டது. 'ஆண்டுக் குறிப்புகள்' நூலின் முதல் ஆறு பாகங்கள் ஒன்பதாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட ஒரே ஒரு கையெழுத்துப் படியில்தான் தப்பிப் பிழைத்தன. அது 1515-ல் அச்சேறியது. அந்த ஒரு படியைக் கரையான் தின்றிருந்தால், டைபீரியஸ் சக்கரவர்த்தியைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி தெரியாமலே போயிருக்கும்.

இந்த நூலின் தொடக்கத்தில் டாசிட்டஸ் ஒரு வாக்குக் கொடுக்கிறார். கோபமும் இல்லாமல், பட்சபாதமும் இல்லாமல் எழுதுவேன். அவை இரண்டுக்கும் எனக்குக் காரணம் ஏதும் இல்லை என்கிறார். அந்தக் காலத்து அரசர்கள் எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். டைபீரியஸ் இறந்து ஏறக்குறைய 20 வருஷம் கழித்துத்தான் டாசிட்டஸ் பிறந்தார். அதனால் சொந்தப் பகை கிடையாது என்பது அவர் வாதம். வாக்கைக் காப்பாற்றினாரா?

பழங்கால ஆசிரியர் எழுதியதைச் சரிபார்க்க நமக்கு வழி ஏது என்று நினைக்கலாம். அதிர்ஷ்டவசமாக ரோமானியர்கள் முக்கியமான ஆவணங்களை வெண்கலத் தகட்டில் பொறித்து ஊர் நடுவில் வைக்கும் பழக்கம் உள்ளவர்கள். அப்படிப்பட்ட தகடுகள் சில பூமிக்கடியிலிருந்து கிடைத்திருக்கின்றன. எங்கள் பாஷையில் சொன்னால், வவுச்சர் கிடைத்துவிட்டது.

முதல் வவுச்சர் 1528-ல் பிரான்ஸ் நாட்டு லியோன் நகரத்தில் கிடைத்தது. கி.பி. 48-ல் கிளாடியஸ் சக்கரவர்த்தி, கால் நாட்டு (இன்றைய பிரான்ஸ்) பிரமுகர்களையும் செனட் சபையில் சேர்க்கலாம் என்று பேசிய பேச்சு அதில் இருக்கிறது. அதே பேச்சை டாசிட்டஸும் தம் நூலில் தருகிறார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். தகட்டில் உள்ள கிளாடியஸ் வளவளவென்று பேசுகிறான். பழைய ராஜாக்களின் பூர்வீகத்துக்குப் போகிறான், தனக்குப் பிடிக்காத ஒருவரை நடுவில் திட்டுகிறான், ஓரிடத்தில் தன் பெயரைத் தானே சொல்லி அழைத்து, விஷயத்துக்கு வா என்று சொல்லிக்கொள்கிறான். டாசிட்டஸ் தரும் பேச்சு சுருக்கமானது, ஒழுங்கானது, அழகானது. வார்த்தைகள் வேறு, வரிசை வேறு.

ஆனால் சாரம் அதேதான். வெளியாரைச் சேர்த்துக்கொண்டுதான் ரோம் வளர்ந்தது, இனியும் அப்படியே வளரும் என்பதுதான் கிளாடியஸின் வாதம். அது டாசிட்டஸிடம் சிதையவில்லை. அன்றைய வழக்கப்படி வரலாற்றில் வரும் பேச்சுகளை ஆசிரியரே தம் நடையில் எழுதுவார். அதைப் படிப்பவர்களும் அறிவார்கள். ஒரு நல்ல குமாஸ்தா நாலு மணி நேரக் கூட்டத்துக்கு ஒன்றரைப் பக்கம் மினிட்ஸ் எழுதுவதுபோல் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேசியவரின் தொண்டை கிழிந்தது அதில் இராது. என்ன முடிவுக்காகப் பேசினார் என்பது இருக்கும்.

இரண்டாவது வவுச்சர் இன்னும் முக்கியமானது. அதற்கு முன் வழக்கைச் சொல்ல வேண்டும்.

டைபீரியஸின் தம்பி மகன் ஜெர்மானிக்கஸ். டைபீரியஸ் அவனைத் தத்து எடுத்திருந்தான். ஜனங்களுக்கு அவன் மேல் கொள்ளைப் பிரியம். கி.பி. 19-ல் கிழக்கு மாகாணங்களில் இருந்தபோது அவன் அந்தியோக்கியா அருகே நோய்வாய்ப்பட்டு இறந்தான். சாகும்போது, சிரியாவின் ஆளுநர் பிசோதான் தன் சாவுக்குக் காரணம் என்று சொல்லிவிட்டுப் போனான். ரோமில் ஒரே கொந்தளிப்பு. மறு வருஷம் செனட் சபையில் பிசோ மேல் விசாரணை நடந்தது. தீர்ப்பு வருமுன்பே பிசோ தன் உயிரை மாய்த்துக்கொண்டான். அவன் மனைவி பிளான்சினா மேலும் குற்றச்சாட்டு இருந்தது. ஆனால் டைபீரியஸின் தாய் லிவியா சிபாரிசு செய்ததால் அவள் தப்பினாள்.

இவ்வளவும் டாசிட்டஸ் சொல்வது. தாய்க்காரி சொன்னாள் என்பதற்காகக் குற்றவாளியை விட்டார்கள் என்பது ஒரு சக்கரவர்த்தியின் மேல் சொல்லக்கூடிய சின்னக் குற்றச்சாட்டா? டாசிட்டஸ் லிவியா மேல் உள்ள வெறுப்பில் கயிறு திரிக்கிறார் என்று யாராவது சந்தேகப்பட்டிருந்தால் ஆச்சரியமில்லை.

1980-களின் பிற்பகுதியில் தென் ஸ்பெயினில் வெண்கலத் தகடுகள் கிடைத்தன. பிசோ வழக்கில் செனட் சபை போட்ட தீர்மானம் அப்படியே அவற்றில் இருந்தது. ஒன்றுக்கு மேற்பட்ட பிரதிகள். 1996-ல் அது முழுமையாகப் பதிப்பிக்கப்பட்டது. பிளான்சினாவின் மேல் கடுமையான குற்றச்சாட்டுகள் இருந்தும், தாயின் வேண்டுகோளுக்காகச் சக்கரவர்த்தி கேட்டுக்கொண்டதால் அவளுக்குத் தண்டனை விலக்கப்படுகிறது என்று சபையே வெட்கமில்லாமல் பொறித்து வைத்திருக்கிறது! டாசிட்டஸ் கூட்டியும் சொல்லவில்லை. டைபீரியஸ் அதைக் கேட்கும்போது கூச்சப்பட்டான் என்று வேறு எழுதியிருக்கிறார்.

எல்லாமே ஒத்துப்போகிறது என்று சொல்ல முடியாது. தீர்மானத்தின் தேதி கி.பி. 20 டிசம்பர் 10. டாசிட்டஸின் வரிசைப்படி பார்த்தால் வழக்கு அந்த வருஷத்தின் முற்பகுதியிலேயே முடிந்துவிட்டதுபோல் இருக்கிறது. இதைப் பற்றி ஆய்வாளர்கள் நிறைய வாதிட்டிருக்கிறார்கள். ஆனால் யார் மேல் என்ன குற்றம், யாருக்கு என்ன தண்டனை, யார் எப்படித் தப்பினார்கள் என்ற கணக்கில் அவர் பெரும்பாலும் தேறிவிடுகிறார்.

அப்படியானால் எங்கே இடிக்கிறது? கணக்கில் இல்லை. ஓரத்தில் எழுதும் குறிப்பில்.

அதே வழக்கில் ஓர் இடம். பிசோவின் கையில் அடிக்கடி ஒரு காகிதம் காணப்பட்டது என்றும், ஜெர்மானிக்கஸுக்கு எதிராக டைபீரியஸ் கொடுத்த ரகசிய உத்தரவு அதில் இருந்தது என்றும், பிசோ தற்கொலை செய்யவில்லை, ஆள் வைத்துக் கொன்றார்கள் என்றும் வயதானவர்கள் பேசக் கேட்டதாக டாசிட்டஸ் எழுதுகிறார். உடனேயே, இதை நான் உறுதிப்படுத்தவில்லை, ஆனால் மறைப்பதும் சரியில்லை என்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. கேட்டதைக் கேட்டதாகத்தான் சொல்கிறார். ஆனால் புத்தகத்தை மூடிய பிறகு நம் மனதில் நிற்பது எது? அந்தக் காகிதம்தான்.

இன்னோர் இடம். ஜெர்மானிக்கஸின் இறுதிச் சடங்கில் அவனுடைய தாய் அன்டோனியா முக்கியப் பங்கு எடுத்ததாக வரலாற்றாசிரியர்களிடமும் தினசரி அரசுக் குறிப்புகளிலும் தேடியும் காணவில்லை என்கிறார். இதுவரை நல்ல ஆராய்ச்சியாளர். அடுத்த வரியில், தாங்கள் வெளியே வராததைச் சரிக்கட்ட, டைபீரியஸும் லிவியாவும் அவளையும் வீட்டோடு நிறுத்திவைத்தார்கள் என்று நம்புவதே எனக்கு எளிது என்று சேர்த்துவிடுகிறார். ஆதாரம் கிடையாது. 1982-ல் செவில் நகரத்துக்கு அருகே கிடைத்த வேறொரு தகட்டில், ஜெர்மானிக்கஸுக்குச் செய்யவேண்டிய மரியாதைகளைப் பற்றி டைபீரியஸ் கலந்து பேசவேண்டிய குடும்பத்தார் பட்டியலில் அன்டோனியாவின் பெயரும் இருக்கிறது. அவள் சடங்குக்கு வந்தாளா என்பது இதிலிருந்து தெரியாது. ஆனாலும் ஒதுக்கி மூலையில் உட்கார வைக்கப்பட்ட தாய் என்ற படத்தோடு இது பொருந்தவில்லை.

இதுதான் டாசிட்டஸின் கை. நடந்தது என்ன என்பதில் கவனம் தவறமாட்டார். ஏன் நடந்தது, உள்ளே என்ன நினைத்தார்கள் என்று வரும்போது இரண்டு காரணங்கள் சொல்வார். ஒன்று சாதாரணமானது, இன்னொன்று விகாரமானது. விகாரமானதைக் கடைசியில் வைப்பார். அகஸ்டஸின் பேரப் பிள்ளைகள் இரண்டு பேர் இளவயதில் இறந்ததைச் சொல்லும்போது, விதியோ, சித்தி லிவியாவின் சூழ்ச்சியோ என்று போகிற போக்கில் ஒரு சொல்லை விட்டுவிட்டு நகர்ந்துவிடுவார். நம் கிராமத்துத் திண்ணைகளில் இந்த வித்தை தெரிந்தவர்கள் நிறைய உண்டு.

டைபீரியஸ்தான் இதில் அதிகம் அடிபட்டவன். டாசிட்டஸ் காட்டும் டைபீரியஸ் கபடன், மனதுக்குள் ஒன்று வைத்து வெளியே ஒன்று பேசுகிறவன். அவன் நல்லது செய்தால் நடிப்பு. கெட்டது செய்தால் நிஜம். அவன் குணம் முதலிலிருந்தே அதுதான், தடுப்பதற்கு இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் போகப் போக வெளியே வந்தது என்று முடிக்கிறார். இப்படி ஒரு முடிவை முதலிலேயே எடுத்துக்கொண்டால், எந்த மனிதனால் நல்ல பெயர் வாங்க முடியும்?

ஆனால் டைபீரியஸின் சார்பாக வாதாட ஒரு வக்கீல் வந்தால், அவருக்கு வேண்டிய சாட்சியம் எல்லாம் டாசிட்டஸின் புத்தகத்திலேயே இருக்கிறது. கி.பி. 17-ல் ஆசிய மாகாணத்தில் பூகம்பம் வந்து 12 ஊர்கள் அழிந்தன. மிக மோசமாக அடிபட்ட சார்டிஸ் நகரத்துக்கு டைபீரியஸ் ஒரு கோடி செஸ்டர்ஸ் கொடுத்தான்; ஐந்து வருஷத்துக்கு வரியைத் தள்ளுபடி செய்தான். கி.பி. 33-ல் ரோமில் கடன் நெருக்கடி வந்து பணப்புழக்கம் நின்றபோது, நிலத்தை ஈடாக வாங்கிக்கொண்டு 10 கோடி செஸ்டர்ஸை மூன்று வருஷத்துக்கு வட்டியில்லாமல் கடனாகக் கொடுக்க ஏற்பாடு செய்தான். அகஸ்டஸ் பெயரில் பொய்ச் சத்தியம் செய்தான் என்று ஒருவன் மேல் ராஜத்துரோக வழக்குப் போட வந்தபோது, தெய்வத்துக்குச் செய்த குற்றத்தைத் தெய்வம் பார்த்துக்கொள்ளும் என்று எழுதித் தள்ளிவிட்டான். இத்தனையும் அவனைப் பிடிக்காத டாசிட்டஸ் எழுதி வைத்தவை.

நம் பக்கத்து வாசகர்களுக்கு ஒரு சேதி. கி.பி. 22-ல் செனட் சபைக்கு டைபீரியஸ் எழுதிய ஒரு கடிதத்தை டாசிட்டஸ் தருகிறார். ஆடம்பரத்துக்குச் சட்டம் போட்டுத் தடை செய்யலாமா என்ற கேள்விக்கு அது பதில். பெரிய மாளிகைகள், அடிமைக் கூட்டம், தங்க வெள்ளிப் பாத்திரம் என்று அடுக்கிக்கொண்டே வந்து, பெண்கள் பூணும் ரத்தினக் கற்களுக்காக நம் பணம் அந்நிய தேசங்களுக்குப் போகிறதே என்று அலுத்துக்கொள்கிறான். சட்டம் போட்டுப் பிரயோசனமில்லை, அவரவர் மனம் திருந்தவேண்டும் என்கிறான். எந்தத் தேசம் என்று அவன் சொல்லவில்லை. ஆனால் மூத்த பிளினி என்ற இன்னொரு ரோமானியர், வருஷத்துக்கு 5 கோடி செஸ்டர்ஸை இந்தியா உறிஞ்சுகிறது என்று கணக்கே எழுதியிருக்கிறார். கோயம்புத்தூர், கரூர் வட்டாரத்தில் புதையலாகக் கிடைத்த ரோமானிய வெள்ளிக் காசுகளில் அகஸ்டஸ், டைபீரியஸ் இருவர் காசுகளும்தான் மிகுதி. கொடுமணலில் பச்சைக்கல்லும் பளிங்கும் அறுத்து மணி செய்த பட்டறைகளைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். டைபீரியஸின் புலம்பலுக்கு நம் கொங்கு மண்ணும் ஒரு சாட்சி என்று சொன்னால் தவறில்லை.

அந்தக் கடிதத்தைப் படித்தால், வேலை தெரிந்த, களைத்துப் போன ஒரு நிர்வாகிதான் தெரிகிறான். ராட்சசன் தெரியவில்லை. டாசிட்டஸ் அதையும் வெட்டாமல் கொடுத்திருக்கிறார். அவர் தீட்டிய படத்துக்கு அவரே எதிர்சாட்சி வைத்துவிட்டார்.

இவ்வளவு நாணயமான மனிதருக்கு டைபீரியஸ் மேல் இத்தனை கசப்பு ஏன்? நேரில் பார்த்ததுகூடக் கிடையாதே! பதில் டாசிட்டஸின் முதல் புத்தகத்தில் இருக்கிறது. அது அவருடைய மாமனார் அக்ரிகோலாவின் வாழ்க்கை வரலாறு. கி.பி. 98-ல் எழுதியது.

டொமிஷியன் என்ற சக்கரவர்த்தி கி.பி. 81 முதல் 96 வரை ஆண்டான். கடைசி வருஷங்களில் ஒரே பயங்கரம். ஒட்டுக்கேட்பவர்கள், காட்டிக்கொடுப்பவர்கள், செனட் சபையிலேயே மரண தண்டனைகள். அக்ரிகோலா பிரிட்டனில் வெற்றி மேல் வெற்றி பெற்ற தளபதி. டொமிஷியன் பொறாமைப்பட்டுத் திருப்பி அழைத்தான் என்றும், அவர் பிறகு வாயைத் திறக்காமல் வாழ்ந்து கி.பி. 93-ல் இறந்தார் என்றும் டாசிட்டஸ் எழுதுகிறார். விஷம் வைத்துக் கொன்றார்கள் என்று ஊரில் பேச்சு. எனக்கு நிச்சயமாகத் தெரியாது என்று அங்கேயும் ஒரு குறிப்பு.

இப்போது ஜெர்மானிக்கஸ் கதையை நினைத்துப் பாருங்கள். ஜனங்கள் விரும்பும் தளபதி; பொறாமை கொண்ட சக்கரவர்த்தி; தளபதியின் சாவு; விஷம் என்று வதந்தி. இரண்டும் ஒரே அச்சு. சுமார் 20 வருஷம் கழித்து டைபீரியஸைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது, டாசிட்டஸின் கண்முன் நின்ற முகம் டொமிஷியனுடையது என்றுதான் எனக்குப் படுகிறது.

அதைவிட ஆழமான ஒன்றும் உண்டு. டொமிஷியன் காலத்தில் டாசிட்டஸ் என்ன செய்துகொண்டிருந்தார்? பதவியில் இருந்தார். கி.பி. 88-ல் அவர் பிரீட்டர் என்ற நீதிப் பதவி வகித்தது டொமிஷியன் ஆட்சியில்தான். இதை அவர் ஒளிக்கவில்லை. தம் பதவி உயர்வில் டொமிஷியனுக்கும் பங்கு உண்டு என்று 'வரலாறுகள்' நூலின் முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுகிறார். மாமனார் வரலாற்றின் முடிவில் இன்னும் கடுமையாக எழுதுகிறார். நல்லவர்களான செனட் உறுப்பினர்களைச் சிறைக்கு இழுத்துச் சென்றவை எங்கள் கைகள்தான், அவர்களின் ரத்தம் எங்கள் மேல் தெறித்தது என்கிறார். "அவர்கள்" என்று எழுதித் தப்பியிருக்கலாம். "நாங்கள்" என்று எழுதினார். பதினைந்து வருஷம் பேசாமல் இருந்ததையும் ஒப்புக்கொள்கிறார்.

தலைக்கு மேல் கத்தி தொங்கிய காலத்தில் கைகட்டி நின்று, கத்தி போன பிறகு எழுதத் தொடங்கிய மனிதர் இவர். கொடுங்கோலனைவிட, அவன் முன்னால் முந்திக்கொண்டு தலையாட்டிய சபையின் மேல் அவருக்குக் கோபம் அதிகம். அந்தச் சபையில் அவரும் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் எழுத்தில் உள்ள கசப்பு அங்கிருந்துதான் ஊறுகிறது. பட்சபாதம் இல்லை என்று அவர் சொன்னது பொய் என்று நான் நினைக்கவில்லை. டைபீரியஸ் மேல் அவருக்குச் சொந்தக் கோபம் இல்லைதான். வேறொரு கணக்கில் பாக்கி நின்ற கோபம் இந்தக் கணக்கில் பற்று எழுதப்பட்டுவிட்டது.

அவருடைய பார்வைக்கு வேறு எல்லைகளும் உண்டு. அவர் பணக்கார செனட் வர்க்கத்துக்காரர். கி.பி. 61-ல் ரோம் நகர அதிகாரி ஒருவரை அவருடைய அடிமை ஒருவன் கொன்றுவிட்டான். பழைய சட்டப்படி அந்த வீட்டில் இருந்த 400 அடிமைகளையும், பெண்கள், குழந்தைகள் உட்பட, கொல்லவேண்டும். சாதாரண ஜனங்கள் தெருவில் இறங்கித் தடுத்தார்கள். செனட் சபை கேட்கவில்லை. நீரோ படையை நிறுத்தித் தண்டனையை நிறைவேற்றினான். இதை டாசிட்டஸ் விவரமாக எழுதுகிறார். கொல்லவேண்டும் என்று வாதாடியவரின் பேச்சை நீளமாகத் தருகிறார். எதிர்ப்பவர்களுக்குப் பெயர்கூடக் கிடையாது, கூச்சல் மட்டும்தான். அந்த 400 பேருக்காக அவர் ஒரு சொல் சொல்லமாட்டாரா என்று நாம் பக்கத்தைப் புரட்டிப் பார்க்கிறோம். இல்லை.

யூதர்களைப் பற்றி எழுதும்போது இன்னும் மோசம். அவர்கள் கழுதைச் சிலையைப் பூஜித்தார்கள் என்று கேள்விப்பட்டதை எழுதிவிட்டு, சில பக்கங்கள் தள்ளி, பாம்பே என்ற தளபதி ஜெருசலேம் கோவிலுக்குள் நுழைந்தபோது அங்கே எந்த உருவமும் இல்லை என்று எழுதுகிறார். ஜோசிபஸ் என்ற யூத வரலாற்றாசிரியர் ரோமிலேயே இருந்து நூல்கள் எழுதியவர். அவற்றைப் பார்த்திருந்தாலே போதும். வெறுப்பு இருந்த இடத்தில் விசாரணை நின்றுவிட்டது.

மற்ற இடங்களில் அவர் விசாரிக்காதவர் இல்லை. வெசுவியஸ் எரிமலை வெடித்ததில் மூத்த பிளினி இறந்தார் அல்லவா? அதைப் பற்றி எழுதவேண்டும் என்று, அவர் மருமகன் இளைய பிளினியிடம் கேட்டு எழுதி வாங்கியவர் டாசிட்டஸ். இன்று உலகம் அந்த வெடிப்பை நேரில் பார்த்ததுபோல் அறிந்திருப்பது அவர் கேட்டு வாங்கிய அந்தக் கடிதங்களால்தான்.

சரி, இவ்வளவு சாய்வு உள்ளவரை விட்டுவிட்டு, அந்த வெண்கலத் தகடுகளையே நம்பிவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். அதற்குப் பதில் அந்தத் தகட்டிலேயே இருக்கிறது. பிசோ தீர்மானத்தை முழுதும் படித்தால், சக்கரவர்த்தியின் நீதியும் பொறுமையும் புகழப்படுகின்றன, தாய் புகழப்படுகிறாள், பேரப்பிள்ளைகள் முதற்கொண்டு குடும்பத்தில் ஒருவர் விடாமல் புகழப்படுகிறார்கள், ஜனங்கள் அடக்கமாக இருந்ததற்கும், படைவீரர்கள் விசுவாசமாக இருந்ததற்கும் பாராட்டு. இதை ஒவ்வொரு மாகாணத்திலும் ஜனநடமாட்டமுள்ள நகரத்திலும், ஒவ்வொரு படைமுகாமிலும் பொறித்து வைக்க உத்தரவு வேறு. அரசாங்கப் பத்திரிகைக் குறிப்பு எழுதுவது எப்படி என்று தெரிந்தவர்களுக்கு இது பழகிய நடை. தேதியும் பெயரும் சரியாக இருக்கும். ஆனால் அன்று சபையில் இருந்த பயமும், தெருவில் நின்ற கூட்டத்தின் கோபமும், பிளான்சினா தப்பியபோது மற்றவர்கள் வயிறெரிந்ததும் அதில் ஒரு எழுத்துக்கூட இல்லை. அவை டாசிட்டஸிடம்தான் இருக்கின்றன.

ஆட்சியாளர்கள் தகட்டை மட்டும் விட்டுவைக்கவே விரும்புவார்கள். டைபீரியஸ் காலத்தில், கி.பி. 25-ல், கிரெமூஷியஸ் கோர்டஸ் என்ற வரலாற்றாசிரியர் மேல் வழக்குப் போட்டார்கள். சீசரைக் கொன்ற புரூட்டஸைப் புகழ்ந்தும், காசியஸைக் கடைசி ரோமன் என்று சொல்லியும் எழுதியது குற்றம். அவர் பட்டினி கிடந்து உயிரை விட்டார். புத்தகங்களை எரிக்க உத்தரவு. ஆனால் அவர் மகள் மார்சியா பிரதிகளைக் காப்பாற்றி வைத்துப் பிறகு வெளியிட்டாள். இன்றைய அதிகாரத்தால் நாளைய நினைவை அழித்துவிட முடியும் என்று நினைப்பவர்களின் மடமையைப் பார்த்துச் சிரிக்கத் தோன்றுகிறது என்று டாசிட்டஸ் இந்த இடத்தில் எழுதுகிறார். ஏறக்குறைய ஆயிரத்து எழுநூறு வருஷம் கழித்து, 1808-ல், நெப்போலியன் ஜெர்மன் எழுத்தாளர்களைச் சந்தித்தபோது டாசிட்டஸைக் குறை சொன்னான். ஒரு சக்கரவர்த்திக்கு அவரைப் பிடிக்காமல் போனதில் எனக்கு வியப்பில்லை.

ஆகவே நான் இப்போது அவரைப் படிக்கும் முறை இது. யார், எங்கே, என்ன செய்தார், எவ்வளவு கொடுத்தார், யாருக்கு என்ன தண்டனை என்பதை ஏற்றுக்கொள்கிறேன். வேறு ஆதாரம் எதிராக வந்தாலொழிய. "என்று பேசிக்கொண்டார்கள்" என்று வரும் வாக்கியத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுகிறேன். மனதுக்குள் இன்னது நினைத்தான் என்று வரும் வாக்கியத்தில் இரண்டு கோடு. அடிமைகளையும் அந்நியர்களையும் பற்றி வரும்போது, அவர்கள் பக்கத்து நியாயத்தைச் சொல்ல யாரும் இல்லை என்று நினைவில் வைத்துக்கொள்கிறேன். கோடு போட்ட வரிகளைத் தள்ளிவிடுவதில்லை. பயந்து வாழ்ந்த ஜனங்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதும் சரித்திரம்தான். கிசுகிசு எது, கணக்கு எது என்று பிரித்துப் படிக்கவேண்டும், அவ்வளவே.

இந்தப் பக்கத்தைப் படிக்கும் நண்பர்களில் பலரும் நினைவுக் குறிப்பு எழுதுகிறவர்கள். பழைய மேலதிகாரிகளைப் பற்றி, போய்ச்சேர்ந்த உறவினர்களைப் பற்றி, எதிர்த்துப் பேச ஆளில்லாத காலத்தில் நாமும் எழுதுகிறோம். டாசிட்டஸிடம் நாம் கற்கக்கூடியது ஒன்று உண்டு. நமக்குப் பிடிக்காத மனிதன் செய்த நல்ல காரியத்தையும் எழுதிவிடவேண்டும். அவனிடம் நாம் சம்பளம் வாங்கிய விவரத்தை முதல் பக்கத்திலேயே சொல்லிவிடவேண்டும். மற்றதைப் படிப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

அவரைப் படித்துப் பார்க்க விரும்புகிறவர்கள் பெரிய நூல்களில் தொடங்க வேண்டாம். அக்ரிகோலாவின் வாழ்க்கை வரலாறு மிகச் சிறிய புத்தகம். கண் வலிக்காமல் இரண்டு மாலைப் பொழுதில் முடித்துவிடலாம். அதன் கடைசிப் பக்கங்களில் "எங்கள் கைகள்" என்று வரும் இடத்தில் கொஞ்சம் நின்று படியுங்கள்.